சரஸ்வதி பூசையில் ஓர் ஆமை

கதவைத் திறந்தேன். கெவின் நின்றான். கையில் ஒரு வெறும் அட்டைப் பெட்டி.

என் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் பார்த்த இடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிறைகுடம், ஒரு தட்டில் அவல், இன்னொரு தட்டில் கடலை. எல்லாவற்றுக்கும் நடுவில் அவனுடைய வீடியோ கேம் பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம். கேம் பெட்டிக்கு நெற்றி எது என்று கேட்காதீர்கள், என் அம்மா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். சந்தனத்துக்கு நடுவே குங்குமம். உச்சியில் ஒரு மஞ்சள் செவ்வந்திப் பூ.

ஊதுபத்திப் புகையோடு, நெடுநேரம் ஓடிய மின்சாரப் பெட்டியின் சூட்டு மணமும் கலந்து வந்தது.

கெவின் மெதுவாக நெற்றியையும் நெஞ்சையும் இரண்டு தோள்களையும் தொட்டுச் சிலுவைக் குறி போட்டான். பிறகு என் காதருகே குனிந்து கேட்டான்.

"எப்ப செத்தது?"

பிள்ளைகளே, கெவின் பேசியது ஆங்கிலத்தில். நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

"சாகேல்லை. பூசையிலை இருக்கு," என்றேன்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நாளைக்கு வரைக்கும்."

கெவின் கையிலிருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நாளைக் காலை பத்து மணிக்கு அவனும் அவனுடைய வீட்டுச் சாமான்களும் ஒரு பெரிய ட்ரக்கில் விண்ணிப்பெக் நகரத்துக்குப் போகப் போகிறார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரியாதது அம்மாவுக்கும் சரஸ்வதிக்கும்தான்.

அணையாத தீ

நாங்கள் அப்போது ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் பதினோராம் மாடியில் இருந்தோம். கெவின் ஒன்பதாம் மாடி. அவனுடைய குடும்பம் பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்து வந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து. நான் எட்டு வயதில் வந்து இறங்கியவன். இந்தச் சம்பவம் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது இருக்கலாம்.

நாங்கள் நண்பரானதற்குக் காரணம் ஒரு முயல்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரீவியில் ஒரு கார்ட்டூன் போகும். ஒற்றைக் காது முயல் ஒன்று தீயணைப்புப் படைக்குத் தலைவர். ஒவ்வொரு கிழமையும் எங்காவது தீப்பிடிக்கும், முயலார் போய் அணைப்பார். நகரத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் பைஜாமாவோடு நிலத்தில் படுத்துக்கிடந்து பார்த்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளைத் தவிர.

எங்களுக்குச் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு. ஒன்பதே காலுக்கு பஸ்.

ஆகவே ஒவ்வொரு கிழமையும் தீப்பிடிப்பது வரைக்கும் பார்ப்பேன். ஒரு பாண் பேக்கரி எரியும். முயலார் மணியை அடிப்பார். அம்மா ரீவியை நிற்பாட்டுவார். மூன்று வருடத்தில் ஒரு தீயும் என் கண்முன்னால் அணைந்ததில்லை. பள்ளிக்கூடம், பாலம், சர்க்கஸ் கூடாரம் எல்லாம் எரிந்தபடியே இருந்தன. நான் "அறம் செய விரும்பு" எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் லிஃப்டில் கெவினிடம் கேட்டேன், அந்த பேக்கரிக்கு என்ன நடந்தது என்று. பதினோராம் மாடிக்கு அவனும் கூடவே வந்து, வாசலில் நின்று முழுவதையும் நடித்துக் காட்டினான். முயலார் பாண் மாவை அள்ளி எறிந்து நெருப்பை அணைத்தாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்குக் கதையின் பின்பாதி கிடைத்தது.

போன வருடம் என் மகள் ஆரணி அந்தப் பழைய கார்ட்டூனை எங்கோ கணினியில் தேடிப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து பார்த்தோம். பேக்கரி நெருப்பை அணைத்தது மழை. மாவும் இல்லை ஒன்றும் இல்லை. கெவின் சொன்ன முடிவுதான் நல்ல முடிவு.

ஓடு களவு போன கதை

இனி ஆமைக்கு வருகிறேன்.

கெவினிடம் இருந்த கேம் பெட்டிக்கு ஒரே ஒரு கசெட்தான். அதில் ஓர் ஆமை. முதல் காட்சியிலேயே ஒரு கடற்கொள்ளைக்கார நண்டு வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் ஆமையின் ஓட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடும். ஆமை எழும்பிப் பார்க்கும். ஓடு இல்லை. உள்ளே ஒரு வெள்ளை பெனியன் மட்டும் போட்டிருக்கும்.

அந்த பெனியனோடு அது ஏழு தீவுகளைக் கடந்து போய்த் தன் ஓட்டை மீட்க வேண்டும். ஓடி, பாய்ந்து, தேங்காய் எறிந்து போக வேண்டும். கைப்பிடியில் ஒரு பொத்தான் ஓடுவதற்கு, ஒரு பொத்தான் பாய்வதற்கு. அவ்வளவுதான்.

கசெட் சில வேளைகளில் வேலை செய்யாது. அப்போது கழற்றி வாயால் ஊத வேண்டும். கெவின் நீளமாக ஒரே ஊது ஊதுவான். நான் குறுக்கே மூன்று தரம். அம்மா ஒருநாள் கண்டுவிட்டு, "சீ, எச்சில்! உதாலைதான் வேலை செய்யேல்லை," என்று ஈரத்துணியோடு வந்தார். நாங்கள் இருவரும் கசெட்டை அணைத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டினோம்.

இந்த இடத்தில், நான் எழுதியதைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்த ஆரணி கேட்டாள்.

"அப்பா, பிறகு சேவ் பண்ணிட்டு அடுத்த நாள் விளையாடலாம்தானே?"

முடியாது. அதுதான் கதையே. அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி இல்லை. மின்சாரத்தை நிற்பாட்டினால் எல்லாம் போயிற்று, திரும்ப முதலாம் தீவு. அதனால் ரீவியை மட்டும் நிற்பாட்டிவிட்டு, விளையாட்டைப் பாதியில் நிறுத்தி, பெட்டியை ஓட விட்டுவிட்டு நித்திரைக்குப் போவோம். முன்னால் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும்.

"சீரியஸ்லி? வீடு எரியாதா?" என்றாள் ஆரணி.

எரிந்தால் முயலார் வந்திருப்பார்.

சரி. கெவின் வீட்டில் சாமான் கட்டத் தொடங்கியதும் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. போவதற்கு முன் ஒரு தரமாவது அந்த ஆமைக்கு ஓட்டை வாங்கிக் கொடுப்பது என்று இருவரும் தீர்மானித்தோம். நான் வாழ்க்கையில் ஒரு கதையின் முடிவையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் அவன் சொன்னான். ஒருவன் செத்தால் மற்றவன் விளையாடுவது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து வந்து உட்கார்ந்தோம். விரல் நுனியெல்லாம் சிவந்து, பின்னேரம் ஐந்து மணிக்கு ஏழாம் தீவில் கால் வைத்தோம். கடைசித் தீவு. மிச்சம் ஒரே ஒரு உயிர்.

அந்த நேரம் பார்த்துக் கெவினின் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார், வந்து உன் உடுப்பைக் கட்டு என்று.

"தொடாதை. நாளைக்கு முடிப்பம்," என்று சொல்லிவிட்டுக் கெவின் போனான்.

என் கெட்டித்தனம்

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அது நவராத்திரி. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைக் கும்பத்துக்கு முன்னால் வைத்தால், விசயதசமி வரைக்கும் அவற்றைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தொடக்கூடாது என்றால் படிக்கக்கூடாது. படிக்கக்கூடாது என்றால் வீட்டுப்பாடம் செய்யக்கூடாது. இந்தக் கணக்கை மட்டும் நான் பிழையில்லாமல் செய்வேன்.

எனக்குப் பின்னக் கணக்கு நாற்பது கிடந்தது. வழமையாக அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் புத்தகம் வைப்பார். நான் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கணக்குப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நின்றேன்.

"அம்மா, இப்பவே வைப்பமோ?"

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "என்ரை ராசா," என்று என் தலையைத் தடவினார்.

என் அக்கா வதனிக்கு அப்போது பதினாலு வயது. அவளால் அந்தத் தடவலைப் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, உவன் உந்தப் புத்தகத்தை இந்த வருசம் ரெண்டு தரம்தான் தொட்டவன். அண்டாடம் கையிலை பிடிக்கிறதைத்தான் வைக்கோணுமெண்டா, அந்தப் பெட்டியையெல்லோ வைக்கோணும்!"

பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அம்மா பகிடி விளங்காத மனுசி. கொஞ்ச நேரம் கேம் பெட்டியையே பார்த்தார்.

"அதுவும் சரிதான். அப்பா தன்ரை ஸ்குரூ டிரைவர் எல்லாம் வைச்சிட்டார். சோறு தண்ணியை மறந்து செய்யிறதெண்டா அதுவும் ஒரு வித்தைதானே."

"அம்மா, அது கெவின்ரை!"

"ஆரின்ரையெண்டால் என்ன, சரஸ்வதி பேர் பாக்கிறேல்லை."

ஜன்னலடியில் இருந்த கும்பத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார். வயர் இழுபட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிளக்கைக் கழற்றினால் ஆறு தீவுகளும் போய்விடும் என்று நான் அழுதழுது சொன்னதில் அம்மாவுக்கு விளங்கியது ஒன்றுதான்: பெட்டி அசையக்கூடாது.

அதனால் சரஸ்வதி அசைந்தார். கும்பம், விளக்கு, அவல் தட்டு, அப்பாவின் ஸ்குரூ டிரைவர் எல்லாம் ஜன்னலடியிலிருந்து ரீவிக்குப் பக்கத்துக்கு ஊர்வலமாக வந்தன. பெட்டிக்கும் கைப்பிடிக்கும் அம்மா தாராளமாகச் சந்தனம் வைத்தார். சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, "நல்லது, விளக்கு மாதிரி எரியட்டும்," என்றார்.

இரவு வேலையால் வந்த அப்பா குனிந்து பெட்டியில் கையை வைத்துப் பார்த்தார். "சூடாக் கிடக்கு. அம்மன் வந்திட்டா போலை," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இரண்டு கலண்டர்

இப்போது திரும்பவும் வாசலுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, கெவின் அட்டைப் பெட்டியோடு நிற்கிறான்.

நான் முழுவதையும் சொன்னேன், கணக்குப் புத்தகம் உட்பட. கெவின் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நாளைக்கு எத்தனை மணிக்குத் தொடலாம்?" என்று மட்டும் கேட்டான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தார். விசயம் விளங்கியதும் அவருக்கும் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. ஆனால் வைத்ததை இடையில் எடுக்க மாட்டார். நேராகக் கலண்டரிடம் போனார்.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கலண்டர். ஒன்று ஊரிலிருந்து மாமா அனுப்புவது. மற்றது இங்கே கோயிலில் கொடுப்பது. இரண்டிலும் ராகு காலம் போட்டிருக்கும். ராகு காலம் என்றால், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் அளவில் வரும், அந்த நேரத்தில் புதிதாக ஒன்றும் தொடங்கமாட்டார்கள். ஊர்க் கலண்டரில் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிகிறது. கோயில் கலண்டரில் பத்து மணி தாண்டித்தான் முடிகிறது.

அம்மா எப்போதும் கோயில் கலண்டர் கட்சி. "சூரியன் இஞ்சைதானே உதிக்குது. ஊர் நேரத்தை வைச்சு என்ன செய்யிறது?" என்பார்.

பத்து மணிக்கு ட்ரக்.

அக்காதான் காப்பாற்றினாள். தான் மூட்டிய நெருப்பு என்று அவளுக்கும் மனம் குத்தியிருக்க வேண்டும்.

"அம்மா, உந்தப் பெட்டி என்ன கனடாவிலை செய்ததே? அடியிலை பாருங்கோ, ஜப்பான். அதுக்கு ரொறன்ரோ ராகு காலம் இல்லை."

"அப்ப ஜப்பான் கலண்டருக்கு நான் எங்கை போறது?"

"ஊர்க் கலண்டர் கிட்ட வரும்தானே. ரெண்டும் ஆசியா."

அம்மா யோசித்தார். கெவின் எங்கள் மூவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி. ஒன்பது மணி. ஆனா முறைப்படிதான் தொடங்கோணும். தலைக்குக் குளிச்சிட்டு வரச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன்.

"குளிக்க வேணுமா? கேம் விளையாடவா?" என்றான் கெவின்.

வாசலில் ஒரு டை

திங்கட்கிழமை தாங்ஸ்கிவிங் விடுமுறை. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. கெவின் தலை ஈரத்தோடு நின்றான். மற்ற உடுப்பெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால், பயணத்துக்காக வெளியே வைத்திருந்த தேவாலய உடுப்பில் வந்திருந்தான். வெள்ளைச் சேர்ட், நீல டை. நான் வேட்டி. வேட்டி அவிழாமல் இருக்க அப்பாவின் பெல்ட்.

விளக்கேற்றிக் கும்பிட்டோம். நான் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினேன்.

"பொறு," என்றார் அம்மா. "முதல் எழுத்து."

தட்டில் பச்சையரிசி. விசயதசமியன்று எதைத் தொடங்குவதென்றாலும் முதலில் அரிசியில் 'அ' எழுத வேண்டும். நான் ஒரே இழுப்பில் எழுதிவிட்டேன், என் 'அ' ஒரு கொழுக்கிபோல இருந்தது. பிறகு கெவினின் முறை. அம்மா அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து மெதுவாக வளைத்து எழுதுவித்தார்.

கெவினின் முகம் மலர்ந்தது. "இதுக்கு அடுத்தது என்ன?" என்று கேட்டான்.

கேட்டிருக்கக்கூடாது.

அம்மாவிடம் அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் அக்காவும் கேட்டதேயில்லை. அம்மா தட்டை ஒரு குலுக்குக் குலுக்கி அழித்துவிட்டு 'ஆ' எழுதுவித்தார். நேரம் ஒன்பது பத்து. பிறகு 'இ'. 'இ' எவ்வளவு சிக்கலான எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். கெவின் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று தரம் எழுதினான். மூன்றாம் தரம் அச்சில் வார்த்ததுபோல வந்தது.

"பாத்தியே! மூண்டு வருசமா வகுப்புக்குப் போறாய், உனக்கு உப்பிடி வருமே?" என்றார் அம்மா என்னிடம். பிறகு அவனிடம், "விளங்குதே ராசா?"

"ஓம் எண்டு சொல்லு," என்று அக்கா அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"ஓம், அன்ரி," என்றான் கெவின்.

அம்மா உருகிவிட்டார். "மொத்தம் பன்ரண்டு இருக்கு. இப்ப 'ஈ'."

"அம்மா! ட்ரக்!" நான் கிட்டத்தட்டக் கத்தினேன்.

"மிச்சத்தை அவன் விண்ணிப்பெக்கிலை எழுதட்டும் அம்மா," என்று அக்கா தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது இருபத்தைந்து. ரீவியைப் போட்டோம். ஏழாம் தீவில் பெனியனோடு ஆமை நின்றது, இரண்டு இரவும் ஒரு பகலும் அசையாமல். கெவின் கைப்பிடியை எடுத்துத் தொடக்கினான்.

ஆமை பாய்ந்தது. திரும்பப் பாய்ந்தது. நின்ற இடத்திலேயே பாய்ந்து பாய்ந்து விழுந்தது.

"நான் அமத்தேல்லை! நான் அமத்தேல்லை!" என்று கெவின் அலறினான்.

நான் உடனே விளையாட்டை நிறுத்தினேன். பாயும் பொத்தானைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கல்லுப்போல இறுகியிருந்தது. அமத்தினால் உள்ளேயே நின்றது, மேலே வரவில்லை. அக்கா தன் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். மூவரும் தலையோடு தலை முட்ட அந்த வட்டத்தைச் சுரண்டினோம். பத்து நிமிடம் போயிற்று. வீடு முழுக்கச் சந்தன வாசம்.

வடைப் படை

பத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. கெவினின் அப்பா. கையில் கிலுங்கும் ட்ரக் திறப்புக் கொத்து. சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று, நெடுந்தூரம், இப்பவே வெளிக்கிட வேண்டும் என்றார்.

கெவின் திரும்பவில்லை. ஆமை அப்போது ஆடும் பாலத்தில் நின்றது.

கதவைத் திறந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தத் திரையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"உது ஏன்ரா உப்பிடி பெனியனோடை நிக்குது?"

"ஆமையம்மா. அதின்ரை ஓட்டை நண்டு களவெடுத்திட்டுது. அந்தா, அந்தக் கோட்டைக்குள்ளை கிடக்கு. எடுக்கப் போகுது."

"ஆமைக்கு ஓடுதானே வீடு," என்றார் அம்மா.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கெவினின் அப்பாவிடம் திரும்பினார். அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அவ்வளவையும் அன்று பாவித்தார்.

"கம். சிற். ஈற். நோ ஈற், நோ கோ."

அந்த மனிதர் மரியாதையானவர். ஒரு நிமிடம்தான் என்று சொல்லிச் சமையலறைக் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். முன்னால் வடை வந்தது. பூசைக்குச் சுட்ட உளுந்து வடை, விளிம்பு மொறுமொறுவென்று. ஒன்றைக் கடித்தார். கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அக்கா சமையலறை வாசலுக்கும் ரீவிக்கும் நடுவில் நின்று செய்தி வாசித்தாள்.

"கிடைச்சுதோ?" அம்மாவின் குரல்.

"இல்லை. பாலத்திலை நிக்குது."

"அப்ப இன்னொரு வடை வைக்கிறன்."

மூன்றாவது வடையில் ஆமை பாலத்தைக் கடந்தது. நாலாவதில் தேங்காய் எறிந்து கோட்டைக் கதவை உடைத்தது. கெவினின் அப்பா மணிக்கூட்டைப் பார்த்து எழும்ப, அம்மா பால்தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் திணித்தாராம். கொதிக்கக் கொதிக்க. ஊதி ஊதித்தான் குடிக்கலாம்.

கடற்கொள்ளைக்கார நண்டு மூன்று தேங்காயில் விழுந்தது. கெவின் அந்த இடத்தை விளையாடியதுபோல் இன்றுவரை யாரும் விளையாடி நான் பார்க்கவில்லை. டை ஒரு பக்கம் காதுக்குப் பின்னால் கிடந்தது.

பிறகு திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன நீர் இடைவெளி. அதற்கு அப்பால் ஒரு மேடை. மேடையில் பச்சை ஓடு, சுற்றிவர வெளிச்சம்.

கெவின் கைப்பிடியை என்னிடம் நீட்டினான்.

"நீ பாய்."

"வேண்டாம். நீயே செய்."

"நீ ஒரு முடிவும் பாத்ததில்லை. நீ பாய்."

வாங்கினேன். ஆமையை ஓட விட்டேன். விளிம்பு வந்தது.

பொத்தானில் சந்தனம் மிச்சம் இருந்தது என்று எழுதலாம். அப்படி எழுதினால் நீங்களும் நம்புவீர்கள். ஆனால் பொத்தான் சுத்தமாக இருந்தது. நான்தான் பிந்தி அமத்தினேன்.

ஆமை தண்ணீருக்குள் விழுந்தது. தண்ணீருக்குள் விழுந்தால் ஓர் ஆமை ஏன் சாக வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் செத்தது. திரை கறுத்தது. பிறகு முதலாம் தீவின் அந்தச் சந்தோசமான பாட்டு தொடங்கியது. ஆமை தூங்கியது, நண்டு வந்தது, ஓடு போயிற்று.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிடைச்சுதோ?" சமையலறையிலிருந்து அம்மா கேட்டார். குரலில் அவ்வளவு ஆசை. "ராசா, ஓடு கிடைச்சுதோ?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

கெவின் என் முகத்தைப் பார்த்தான். எழுந்தான். டையை நேராக்கினான்.

"ஓம், அன்ரி!" என்றான் பலமாக.

சமையலறையில் அம்மா கை தட்டினார். ஏனென்று தெரியாமலே கெவினின் அப்பாவும் தட்டினார்.

பெட்டியின் பிளக்கைக் கெவின்தான் கழற்றினான். குங்குமத்தைத் துடைக்கவில்லை. அப்படியே அட்டைப் பெட்டிக்குள் வைத்தான். லிஃப்ட் கதவு மூடும்போது என்னைப் பார்த்து மூக்கைச் சுருக்கிச் சிரித்தான். விண்ணிப்பெக்கில் அவன் அந்தத் தீவை முடித்தானா என்று எனக்குத் தெரியாது. நாங்களும் அடுத்த வருடம் வீடு மாறிவிட்டோம்.

ஆரணி வாசித்த கதை

நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். ஒவ்வொரு கிழமையும் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு ஒரு கதை கையால் எழுதுவேன், ஆரணிதான் கணினியில் அடித்துத் தருவாள். பதினொரு வயதுக்கு அவளுடைய தமிழ் என்னுடையதைவிடத் திறம். இந்தக் கதையை அடித்துக்கொண்டு வந்தவள், ஆமை தண்ணீரில் விழுந்த இடத்தில் நிற்பாட்டினாள்.

"அப்பா, வெயிற். அப்பம்மாக்கு இது தெரியாதா?"

தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு நவராத்திரிக்கும் அம்மா அந்த ஆமையின் கதையைச் சொல்லுவார். சரஸ்வதிக்கு முன்னால் வைத்தபடியால்தான் அதற்கு ஓடு திரும்பக் கிடைத்தது என்று சொல்லுவார். கோயிலில் முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். நான் ஒவ்வொரு தரமும் தலையாட்டியிருக்கிறேன்.

"ஒவ்வொரு கிழமையும் நான்தானே அப்பம்மாக்கு வாசிக்கிறனான். இதை எப்பிடி வாசிக்கிறது?"

"எழுதினபடி வாசி," என்றேன். "பிள்ளையளுக்கு எழுதிறதிலை பொய் எழுதக்கூடாது."

அம்மா இப்போது ரூஜ் பகுதியில் அக்காவோடு இருக்கிறார். கண் முன்னைப்போல இல்லை, பத்திரிகை எழுத்துத் தெரியாது. போன ஞாயிறு நாங்கள் மார்க்கம் நகரத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து போனோம். ஆரணி தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். நான் சமையலறையில் கோப்பை கழுவுவதுபோல நின்றேன். ஒரே கோப்பைதான், கழுவிக்கொண்டே இருந்தேன்.

அம்மா ஜப்பான் ராகு காலத்துக்குச் சிரித்தார். 'இ' எழுதிய இடத்தில், "அந்தப் பிள்ளை நல்லா எழுதினவன்," என்றார். பாலம் வந்தது. கோட்டை வந்தது. நண்டு விழுந்தது. நான் பாயப் போகிறேன்.

ஆரணி வாசிப்பதை நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். எட்டிச் சமையலறைக்குள் என்னைப் பார்த்தாள்.

"பிறகு?" என்றார் அம்மா, முடிவு தெரியாதவர்போல முன்னுக்கு வந்து உட்கார்ந்து. "பிறகு வாசி. ஓடு கிடைச்சுதோ?"

தண்ணீர்க் குழாயை நிற்பாட்டினேன்.

"ஓம், அப்பம்மா," என்றாள் ஆரணி.

அம்மா திருப்தியாகப் பின்னால் சாய்ந்தார்.

"கிடைக்காமல் விடுமே? அந்த மனிசனுக்கு ஆறு வடை குடுத்தெல்லோ இருத்தி வைச்சனான்."